கடைக்காப்பு வரை கேட்போம்



உளுந்தூர்ப்பேட்டையில் வசிக்கும் என் தமக்கையாருக்கு வயது 78. கண் நீர் அழுத்த நோயால் அவருடைய பார்வை பெரிதும் மங்கிவிட்டது. அந்தியில் விளக்கேற்றியதும் திருமுறையில் ஒரு பதிகம் ஓதிவிட்டே அடுக்களைக்குள் செல்வது அவருடைய ஐம்பதாண்டு வழக்கம். மனப்பாடமான பதிகங்கள் சில இன்றும் நாவில் உண்டு. மற்றவற்றுக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குக் கண் வேண்டும். ஆதலால் இப்போது செவிதான் அவருக்குத் துணை.

இதனை அறிந்த பேரன் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தபோது நல்ல ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வைத்தான். இணையவழி இசைச் சேவை ஒன்றில் இருப்பவற்றுள் உயர்ந்த சந்தாவையும் கட்டினான். "இதைவிடத் தெளிவான ஒலி கிடையாது பாட்டி" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினான். நான் சென்றிருந்த மாலையில் தமக்கையார் அதில் சுந்தரர் தேவாரம் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. ஏதோ ஒரு குறையும் இருந்தது.

"எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கிறது தம்பி. ஆனால் மூன்று பாட்டோடு எழுந்து போய்விடுகிறாரே! கடைக்காப்பு வரவே இல்லை. நம் நாவலூர்ப் பெயரைச் சொல்லாமலே முடித்துவிடுகிறார்" என்றார்.

எந்தச் சேவையில் சந்தா கட்டினால் பக்தி இசையை உயர்ந்த தரத்தில் கேட்கலாம் என்பது இன்று பல இல்லங்களில் எழும் கேள்வி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விளம்பரத்தில் உள்ள எண்களைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தமக்கையார் சொன்ன குறை எந்த எண்ணிலும் அடங்காதது. அதனை முன்வைத்தே இவ்வாரம் சிந்திக்கலாம் என்று தோன்றியது.

நாவலூரின் கையொப்பம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள திருநாவலூர், நடுநாட்டுத் திருத்தலங்களுள் ஒன்று. நாவல் மரத்தைத் தல மரமாக உடையதால் பெற்ற பெயர். சுவாமி பக்தஜனேசுவரர், அம்மை மனோன்மணி. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாராகச் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்ததும், நரசிங்க முனையரையரால் அன்புடன் வளர்க்கப்பெற்றதும் இவ்வூரில்தான். தந்தையார், தாயார், வளர்த்தவர், மைந்தர் ஆகிய நால்வருமே நாயன்மார் வரிசையில் வைத்து வணங்கப்பெறுகிறார்கள் என்றால் இவ்வூரின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சுந்தரர் அருளியது ஏழாம் திருமுறை. நமக்குக் கிடைத்திருப்பவை 100 பதிகங்கள். அவர் தலந்தோறும் சென்று பாடினாலும் பிறந்த ஊரை மறந்தாரில்லை. பதிகத்தின் நிறைவுப் பாடலாகிய கடைக்காப்பில் பாடியவர் தம் பெயரையும் பாடுவோர் பெறும் பயனையும் சொல்வது மரபு. சுந்தரரின் கடைக்காப்புகள் பலவற்றில் அவர் தம்மை நாவலூர்க்கு உரியவராகவே குறிப்பிடுகிறார். கடிதத்தின் இறுதியில் இடும் கையொப்பம் போன்றது அது. அந்தப் பாடலை விட்டுவிட்டால் யார் பாடினார், எந்த ஊரார், பாடினால் என்ன பயன் என்னும் மூன்றும் ஒருங்கே போய்விடுகின்றன. தமக்கையாரின் குறை சிறிய குறையன்று.

ஏடும் இசையும்

பாடல் கிடைப்பது ஒன்று. அதன் இசை கிடைப்பது மற்றொன்று. திருமுறை கண்ட வரலாறே இதற்குச் சான்று.

மூவர் பாடல்களைத் தேடிய சோழ மன்னர், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியின் துணையுடன் தில்லையில் அவை பூட்டி வைக்கப்பட்டிருந்த அறையைத் திறந்தபோது ஏடுகளைச் செல் அரித்திருந்தது. இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்தோம் என்னும் கருத்துடைய திருவாக்கு எழ, எஞ்சியவற்றை மன்னர் எடுத்துக்கொண்டார் என்று திருமுறை கண்ட புராணம் உரைக்கிறது. ஏடு கிடைத்த பின்னும் ஒரு கவலை எஞ்சியது. இவற்றை எந்தப் பண்ணில் பாடுவது? அதற்கு விடை எந்த ஓலையிலும் இல்லை. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியின் குரலில் இருந்தது. அவரைக் கொண்டே பண்கள் வகுக்கப்பெற்றன.

எருக்கத்தம்புலியூரும் நடுநாட்டுத் தலமே. இன்று இராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கப்பெறுகிறது. பாடியவர் பிறந்த நாவலூரும், பண்ணைக் காத்தவரின் ஊரும் ஒரே நாட்டுப் பகுதியில் அமைந்திருப்பதை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. ஏட்டை அறையில் பூட்டி வைக்கலாம். இசையைக் காப்பது பாடும் வாயும் கேட்கும் செவியும்தான். நமக்கு இன்று கைப்பேசியில் வந்து சேரும் தேவாரமும் அந்தப் பெண்மணியின் குரலுக்குக் கடன்பட்டதே. ஆகவே சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்தக் கடனை மறவாமல் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன?

இனி விளம்பரங்களில் வரும் எண்களைப் பார்ப்போம். இவற்றைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

ஒலியைக் கணினிக் கோப்பாக மாற்றும்போது ஒரு நொடியைப் பல்லாயிரம் கூறுகளாக அளந்து எழுதுகிறார்கள். நாம் அறிந்த சி.டி. தட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் நுட்பம் உடையது. இடம், வலம் என இரு தடங்களுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் நொடிக்கு ஏறக்குறைய 1,411 கிலோபிட் ஆகும்.

இவ்வளவையும் இணையத்தில் அனுப்பினால் செலவு மிகும். ஆதலால் செவிக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களை நீக்கிச் சுருக்கி அனுப்புகிறார்கள். எம்பி3 முதலிய கோப்புகள் இவ்வகையின. நொடிக்கு 320 கிலோபிட் என்றால் சி.டி.யின் அளவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எனினும் திறமாகச் சுருக்கப்பட்டிருந்தால் பெரும்பாலோர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. 64, 96 என இறங்கும்போதுதான் தாளத்தின் ஓசை சிதறுவதும் குரல் மங்குவதும் புலனாகும்.

எதனையும் நீக்காமல், நெல்லை மூட்டையில் அமுக்கிக் கட்டுவதுபோல இடத்தை மட்டும் குறைத்து அனுப்பும் முறை ஒன்றுண்டு. அவிழ்த்தால் ஒரு மணியும் குறையாது. இதனையே ‘லாஸ்லெஸ்’, அதாவது இழப்பற்ற ஒலி என்கிறார்கள். அதற்கும் மேலே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லப்படும் ‘ஹைரெஸ்’ ஒலி இருக்கிறது.

மனிதச் செவி கேட்கும் எல்லை, இளமையில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்பர். நொடிக்கு 44,100 அளவுகள் என்னும் சி.டி. முறையே 22,050 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத் தாங்கவல்லது. வயது ஏற ஏற மேலெல்லை தானே இறங்குகிறது. அறுபதைக் கடந்த நம்மில் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எட்டுவதில்லை. ஆகவே 192 என்னும் எண்ணுக்காக நாம் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை. சி.டி.க்கு நிகரான இழப்பற்ற ஒலி கிடைத்தால் நன்று. 320 கிடைத்தாலும் குறைவில்லை.

இணையச் செலவையும் பாருங்கள். 320 தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 144 மெகாபைட் செலவாகும். சி.டி. தர இழப்பற்ற ஒலி அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. ஹைரெஸ் ஒலியோ, நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை ஒரு மணி நேரத்திலேயே விழுங்கிவிடக்கூடும். கல்வராயன் மலைப் பக்கம் போன்று அலைவரிசை மெலிந்த இடங்களில் பாடல் நின்று நின்று வருவதற்கும் இதுவே காரணமாகலாம். அமைப்புப் பகுதியில் தரத்தை ஒரு படி குறைத்துவிட்டால் பதிகம் தடையின்றி ஓடும்.

பழைய தட்டும் புதிய பாத்திரமும்

நம் தலைமுறைக்கு நெருக்கமான குரல்கள் பல பழைய பதிவுகள். எம். எம். தண்டபாணி தேசிகர் போன்றோர் பாடிய காலத்தில் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகளே இருந்தன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறக்குறைய மூன்று நிமிடம். பதினோரு பாடல்கள் கொண்ட பதிகம் அதில் எங்கே அடங்கும்? ஓரிரு பாடல்களைத் தேர்ந்து, விரித்துப் பாடி நிறைவு செய்தார்கள். அது பாடியவரின் குறையன்று, தட்டின் எல்லை. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும் நெடுந்தட்டுகள் வந்த பிறகே 1963இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் ஒரே தட்டில் இல்லந்தோறும் நுழைய முடிந்தது.

இன்று அந்த எல்லை இல்லை. எவ்வளவு நீண்ட பதிகமும் ஒரே கோப்பில் அடங்கும். ஆனால் மூன்று நிமிடத்தில் முடிப்பது என்னும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை. இரண்டு பாடல்களுக்குப் பின் பல்வகை வாத்தியங்களின் இடையிசை, மீண்டும் ஒரு பாடல், அத்துடன் நிறைவு என்னும் அமைப்பே தொகுப்புகளில் மிகுதி. தமக்கையாரின் ஸ்பீக்கரில் ஒலித்ததும் அதுதான்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மூலப் பதிவில் இல்லாத நுட்பத்தை எந்தச் சேவையும் புதிதாகத் தர இயலாது. கிணற்றில் உள்ள நீரே குடத்துக்கு வரும். குடத்தைப் பெரிதாக்கினால் நீர் பெருகாது. 78 சுழற்சித் தட்டிலிருந்து எடுத்த பாடலுக்கு ஹைரெஸ் முத்திரை இருந்தாலும் அது பழைய தட்டின் ஒலியே. அதற்காக அப்பாடல் தாழ்ந்ததும் அன்று. சற்றே இரைச்சலுடன் வரும் அந்தக் குரலில் உள்ள பாவம் வேறெங்கே கிடைக்கும்?

செவியும் கருவியும்

சந்தாவுக்கு ஆகும் பணத்தைவிடக் கருவிக்கு ஆகும் பணமே ஒலியின் தெளிவை மிகுதியாக நிர்ணயிக்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிவாயில் கேட்டால் எந்த உயர்ந்த தரமும் தெரியாது. புளூடூத் வழியாக இணைக்கும்போது பெரும்பாலும் ஒலி மீண்டும் ஒருமுறை சுருக்கப்பட்டே செல்கிறது. இழப்பற்ற ஒலிக்குப் பணம் கட்டிவிட்டுப் புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவர் முழுப் பயனைப் பெறுவதில்லை. கம்பி வழி இணைப்போ, வைஃபை வழி நேரே பெறும் ஸ்பீக்கரோ இருந்தால்தான் அந்தச் சந்தாவுக்குப் பொருள் உண்டு.

முதியோர் செவியில் முதலில் தேய்வது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள். மெய்யெழுத்துகளின் கூர்மை பெரிதும் அங்கேதான் இருக்கிறது. குரல் கேட்கிறது, சொல் புரியவில்லை என்று நாம் சொல்வது இதனால்தான். ஆகவே நமக்கு வேண்டியது பெருத்த ஓசையன்று, சொல் தெளிவு. குரலும் சுருதியும் தாளமும் மட்டும் அமைந்த பதிவைத் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கரைக் கூடத்தின் மூலையில் வைக்காமல் அருகில், செவி மட்டத்தில் வையுங்கள். செவித்துணைக் கருவி அணிபவர்கள், அது கைப்பேசியுடன் நேரே இணையும் வகையா என்று மருத்துவரிடம் கேட்டறியுங்கள். ஒலியைக் கூட்டிக் கூட்டிக் கேட்பது எஞ்சிய செவித்திறனையும் கெடுக்கும்.

எந்தச் சேவை?

இப்போது பெயர்களுக்கு வருவோம். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் கூடுதல் கட்டணமின்றி இழப்பற்ற ஒலியை வழங்குகிறது. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை செல்லும். ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அதன் செயலி உண்டு. ஸ்பாட்டிஃபை 2025இல் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இழப்பற்ற ஒலியைத் தொடங்கியது. அது எந்தச் சந்தாத் திட்டத்தில் அடங்குகிறது என்று பார்த்த பின் பணம் கட்டுக. யூடியூப் மியூசிக் சந்தாதாரர்களுக்கு 256 கிலோபிட் வரையும், ஜியோசாவன் 320 வரையும் தருகின்றன. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் டைடல், கோபஸ் என்னும் பெயர்களைச் சொல்லக்கூடும். அவையும் இழப்பற்ற ஒலிக்குப் பெயர் பெற்றவை. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் இங்கே குறிக்கவில்லை.

இலவசமாகக் கேட்பதில் ஓர் இடர் உண்டு. ஒரு நாள் எங்கள் இல்லப் பூசையில் இலவசச் செயலி ஒன்றில் பதிகம் ஒலித்துக்கொண்டிருந்தது. தீபாராதனைக்குக் கையை உயர்த்திய நேரத்தில் கடன் வாங்குமாறு அழைக்கும் விளம்பரம் குறுக்கிட்டது. அன்று முதல் பூசை வேளைக்கு விளம்பரமற்ற வழியையே நாடுகிறேன். பாடல் முடிந்ததும் செயலி தானாக அடுத்த பாடலைத் தொடங்குவதும் இன்னோர் இடர். தேவாரத்தைத் தொடர்ந்து திரைப்பாடல் வரும். தானே தொடரும் அமைப்பை நிறுத்தி வைக்குமாறு பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சந்தா என்பது வாடகை. கட்டும் வரையில் கேட்கலாம். நிறுத்தினால், கைப்பேசியில் இறக்கி வைத்த பாடல்களும் திறவா. உரிமை ஒப்பந்தம் மாறினால், நேற்றிருந்த பாடல் இன்று காணாமற் போவதும் உண்டு. ஆதலால் நாள்தோறும் ஓதும் பதிகங்களையாவது விலைக்கு வாங்கிய சி.டி.யாகவோ பென்டிரைவிலோ சொந்தமாக வைத்திருப்பது நலம். பாடல்கள் உள்ளடங்கிய கார்வான் போன்ற பெட்டிகளுக்கு இணையமும் வேண்டா. பார்வை குன்றியவர்களுக்குப் பொத்தான்கள் எளிது. வானொலியின் காலைப் பக்தி இசையையும் மறத்தற்கில்லை.

தருமபுரம் ஆதீனத்தின் பதிப்பைக் கொண்டமைந்த தேவாரம் இணையத்தளத்தில் பன்னிரு திருமுறைகளும் பண் குறிப்புடன் இருக்கின்றன. ஓதுவார் குரலில் ஒலிப்பதிவுகளும் உள்ளன. கட்டணம் இல்லை. திருமுறைகளைப் பெருமளவில் ஒலிப்பதிவாக விட்டுச் சென்ற தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்களின் தொண்டு இவ்விடத்தில் நினைந்து வணங்கத்தக்கது.

ஓர் உரைகல்

இத்தனை சேவைகளில் எதைத் தேர்வது? பொன்னை உரைத்துப் பார்க்க ஒரு கல் இருப்பதுபோல இதற்கும் ஓர் உரைகல் சொல்கிறேன்.

ஏழாம் திருமுறையில் 95ஆம் பதிகம் திருவாரூர்ப் பதிகம். அதன் பண் செந்துருத்தி. தேவாரம் முழுவதிலும் இந்தப் பண்ணில் அமைந்த பதிகம் இது ஒன்றே. சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சூளுறவு பிழைத்து, திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது சுந்தரர் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். காஞ்சியில் இடக்கண் பெற்றார். மற்றைக் கண்ணைத் திருவாரூரில் இப்பதிகம் பாடிப் பெற்றார் என்பது பெரியபுராணச் செய்தி. தோழமை உரிமையோடு பெருமானை இடித்துரைத்துக் கேட்கும் பதிகம் அது. கண் இழந்த காலத்திலும் சுந்தரர் ஒரு தலத்தையும் விட்டாரில்லை, பாட்டையும் விட்டாரில்லை. கண் மங்கிய நம்மவர்க்கு இதைவிட உற்ற துணை எது?

எந்தச் சேவையில் சேர எண்ணுகிறீர்களோ, முதல் மாதச் சலுகைக் காலத்திலேயே இந்தப் பதிகத்தை அதில் தேடச் செய்யுங்கள். நான்கு கேள்விகளுக்கு விடை பாருங்கள். பதிகம் இருக்கிறதா? பதினோரு பாடல்களும் கடைக்காப்பு வரை வருகின்றனவா? பண்ணின் பெயரும் பாடியவர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளனவா? சொற்கள் உங்கள் செவிக்குத் தெளிவாக விளங்குகின்றனவா? நான்கும் அமைந்தால் அதுவே உங்களுக்கு உயர்ந்த தரம். அதன் பிறகு 320 ஆயினும் இழப்பற்றதாயினும் உங்கள் வசதி. முதல் மூன்றும் இல்லையென்றால், எத்தனை கிலோஹெர்ட்ஸ் இருந்தும் பாதிப் பதிகத்தைத்தான் தெளிவாகக் கேட்கப் போகிறோம்.

பாடுவோர்க்கு என்ன சேர்கிறது?

இராசராச சோழர் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினார். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்று கல்லில் வெட்டி வைத்தார். பாடியவர் இன்னார், அவர்க்கு உரியது இன்னது என்பதில் ஐயம் இல்லை.

நாம் கட்டும் சந்தா அவ்வாறு போய்ச் சேர்வதில்லை. பெரும்பாலான சேவைகளில் எல்லோரும் கட்டிய பணம் ஒரே பொதியாகச் சேர்க்கப்பட்டு, நாடு முழுவதும் எந்தப் பாடல் எத்தனை முறை கேட்கப்பட்டது என்னும் விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. நாம் தேவாரம் மட்டுமே கேட்டாலும் நம் பணத்தின் பெரும்பகுதி புகழ்பெற்ற திரைப்பாடல்களுக்கே செல்லும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு வருவாய்ப் பங்கு இல்லை. செந்துருத்திப் பதிகத்தை முழுமையாகப் பாடிப் பதிவிட்ட ஓர் ஓதுவாருக்கு ஒரு காசும் சேராமற் போகலாம் என்பது இதன் பொருள்.

ஆகவே அடியார்க்குச் செய்ய வேண்டியதைச் செயலியிடம் விட்டுவிடாதீர்கள். ஓதுவார் வெளியிட்ட குறுந்தகட்டை அவரிடமே விலை கொடுத்து வாங்குங்கள். இல்லத் திருமணத்திலும் மணிவிழாவிலும் ஓர் ஓதுவாரை அழைத்துப் பதிகம் பாடச் செய்து உரிய சம்பாவனை அளியுங்கள். அந்தப் பணம் முழுமையாகப் பாடியவர் கைக்கே போய்ச் சேரும்.

அன்று மாலை தமக்கையாருக்கு அந்தத் திருவாரூர்ப் பதிகத்தைத் தேடினேன். அவருடைய உயர்ந்த சந்தாவில் மூன்று பாடல்களே கிடைத்தன. கட்டணமில்லாத தளம் ஒன்றில் வயது முதிர்ந்த ஓர் ஓதுவார் தாளத்துடன் முழுமையாக ஓதிய பதிவு கிடைத்தது. பின்னணியில் மெல்லிய இரைச்சல் இருந்தது. அப்போது பேரன் தொலைபேசியில் அழைத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அதில் ஒலித் தரம் மிகவும் குறைவாயிற்றே பாட்டி" என்றான்.

"இருக்கட்டும் அப்பா. இவர் அவசரப்படாமல் பாடுகிறார். எனக்குச் சேர்ந்து சொல்ல முடிகிறது" என்றார் தமக்கையார்.

பதினோராம் பாடல் வரை உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நிறைவில் கை குவித்தார். பேரன் அழைப்பைத் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தோம். மறுநாள் அவனே தேடி, ஏழாம் திருமுறையின் முழுப் பதிகப் பதிவுகளைப் பண் வாரியாகத் தொகுத்து அனுப்பினான். அந்த ஸ்பீக்கரின் பயன் இப்போதுதான் முழுமையாயிற்று.

ஆடிச் சுவாதி, சுந்தரர் குருபூசைத் திருநாள். இயன்றவர்கள் அன்று திருநாவலூர் சென்று சுந்தரர் சந்நிதியில் தேவாரத்தை நேரில் கேளுங்கள். செல்ல இயலாதவர்கள் இல்லத்தில் விளக்கேற்றி ஒரு பதிகத்தையாவது கடைக்காப்பு வரை கேளுங்கள். பேரப்பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

திருச்சிற்றம்பலம்.